கொசுவம் கலைந்த வடிகட்டி

ஆரணி என்றதும் உங்களுக்குப் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். எனக்கு ஒரு லாரிப் பட்டறையும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. உறவில் ஒரு திருமணம். சேலை எடுக்க வீட்டார் அனைவரும் ஆரணிக்குப் புறப்பட்டபோது நானும் உடன் சென்றேன். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். கடைக்குள் நுழைந்த பிறகு என்னால் அங்கு யாருக்கும் பயன் இல்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் என் பெரியப்பா மகன் வந்து, "தம்பி, வா, என் வண்டியைப் பார்த்துட்டு வரலாம்" என்று அழைத்துப் போனார். அவர் ஆரணியிலிருந்து சென்னைக்கு அரிசி மூட்டை ஏற்றும் லாரி வைத்திருக்கிறார். வண்டி பட்டறையில் எஞ்சின் பிரிக்கப்பட்டுக் கிடந்தது.

புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, மேட்டில் இழுக்கவில்லை என்பது அண்ணனின் குறை. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் காற்று வடிகட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். குடம் போன்ற உருளை; அதைச் சுற்றி விசிறியாக மடித்த காகிதம். ஆனால் மடிப்புகள் வரிசையாக இல்லை. பத்துப் பன்னிரண்டு மடிப்புகள் ஒன்றாகச் சேர்ந்து ஒட்டிக்கொண்டும், பக்கத்தில் ஓரிடம் விரிந்தும் கிடந்தன. ஒரு மடிப்பின் நுனியில் நீளமாக ஒரு கிழிசல்.

"பாருங்க சார், கொசுவம் கலைஞ்ச மாதிரி இல்ல?" என்றார் மெக்கானிக்.

இதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் சொல்லியிருக்க முடியாது. கிழிசல் வழியாக எத்தனையோ நாள் தூசு எஞ்சினுக்குள் போயிருக்கிறது. அது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் புகுந்து உப்புக் காகிதம்போல் தேய்த்திருக்கிறது. வடிகட்டியின் விலையில் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், அண்ணன் ஓர் எஞ்சினைத் திறக்க வேண்டியதாயிற்று. எந்தக் கம்பெனியின் வடிகட்டி என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. காகிதம் ஏன் அப்படிக் கலைந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

முதலில், காகிதத்தை ஏன் மடிக்க வேண்டும்? சேலைக் கொசுவத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு மடிப்பு, ஒவ்வொன்றும் 12 செ.மீ. அகலம் என்றால், போக 12, வர 12 என ஒவ்வொரு மடிப்புக்கும் 24 செ.மீ. துணி செலவாகிறது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் துணி ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. வடிகட்டியிலும் இதே தந்திரம்தான். நான் அந்த வடிகட்டியின் மடிப்புகளை எண்ணினேன்: 240. ஒவ்வொன்றும் 4 செ.மீ. ஆழம், 32 செ.மீ. உயரம். (எண்ணி முடித்துத் திரும்பியபோதும் கடையில் சேலை தேர்வு முடிந்திருக்கவில்லை.) பெருக்கிப் பாருங்கள்: 240 × 2 × 4 × 32 = 61,440 சதுர செ.மீ. அதாவது சுமார் 6 சதுர மீட்டர். ஐந்தரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உள்ள ஒரு பட்டுச் சேலையின் பரப்பும் கிட்டத்தட்ட அதுவேதான். ஒரு லாரி தன் மூக்கில் ஒரு சேலையளவு காகிதத்தைக் கொசுவி வைத்திருக்கிறது!

இத்தனைப் பரப்பு எதற்கு? ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை உறிஞ்சும். எனவே நிமிடத்துக்கு 6 × 1,200 = 7,200 லிட்டர் காற்று வேண்டும். வினாடிக்கு 120 லிட்டர். காகிதம் மடிக்கப்படாமல் உருளையைச் சுற்றி ஒரே சுற்றாக ஒட்டப்பட்டிருந்தால், பரப்பு கால் சதுர மீட்டர்கூட வராது. காற்று வினாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் அதைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். மடித்ததால் வேகம் வினாடிக்கு 2 செ.மீ.தான்.

வேகம் குறைந்தால் என்ன லாபம் என்பதை 1856-ஆம் ஆண்டிலேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். பிரான்சில் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, குழாயில் மணலை நிரப்பி நீரைச் செலுத்திச் சோதனைகள் செய்தார். மணல் வழியே நீர் போகும் வேகம், இரு பக்கத்து அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கண்டார். மணலுக்குப் பதில் காகிதம், நீருக்குப் பதில் காற்று என்றாலும் விதி அதேதான். வேகம் 25-இல் ஒரு பங்கானால் காற்றை இழுக்கத் தேவைப்படும் அழுத்தமும் 25-இல் ஒரு பங்காகும். எஞ்சினுக்கு மூச்சு வாங்குவது எளிதாகும்.

அப்படியானால் 240 மடிப்பு எதற்கு, 500 வைக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காகிதத்தைத் துளைப்பது மட்டுமா காற்றின் வேலை? இரண்டு மடிப்புகளுக்கு இடையிலுள்ள குறுகிய சந்துக்குள் நுழைந்து போக வேண்டும்; துளைத்த பிறகு மறுபுறச் சந்து வழியாக வெளியே வரவும் வேண்டும். பாகுநிலை உள்ள எந்தப் பாய்மமும் குறுகிய சந்தில் போகும்போது அழுத்தத்தை இழக்கிறது. சந்தின் அகலம் பாதியானால், அதே அளவு பாய்மத்தைச் செலுத்த 8 மடங்கு அழுத்தம் வேண்டும். அகலத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம் என்பது விதி. இந்த மும்மடியை நினைவில் வையுங்கள். பின்னால் இதுதான் வில்லனாக வரப்போகிறது.

மடிப்புகளை இரட்டிப்பாக்கினால் சந்துகள் பாதி அகலமாகும். ஒவ்வொரு சந்திலும் ஓடும் காற்றும் பாதியாகும். 8-ஐ 2-ஆல் வகுக்க, சந்தில் ஏற்படும் இழப்பு 4 மடங்கு. காகிதத்தில் ஏற்படும் இழப்போ பாதி. விளக்கத்துக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். 30 மடிப்புள்ள வடிகட்டி ஒன்றில் காகித இழப்பு 100 பாஸ்கல், சந்து இழப்பு 4 பாஸ்கல், மொத்தம் 104. மடிப்பு 60 என்றால் 50-உம் 16-உம் சேர்ந்து 66. மடிப்பு 120 என்றால் 25-உம் 64-உம் சேர்ந்து 89. மடிப்பு 240 என்றால் 12.5-உம் 256-உம் சேர்ந்து 268.5! இந்த வடிகட்டிக்கு 70 மடிப்பை ஒட்டித்தான் மிகக் குறைந்த இழப்பு. இதைத் தாண்டி மடித்தால் காகிதச் செலவும் வீண், மூச்சும் திணறும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சென், புய், லியூ ஆகிய மூவர் இந்தப் பள்ளம் போன்ற வளைகோட்டைக் கணினியில் முறையாகக் கணக்கிட்டு 1995-இல் வெளியிட்டனர்.

இதுவரை சொன்ன கணக்கில் எல்லாம் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. மடிப்புகளின் சுவர் செங்கல் சுவர்போல் அசையாமல் நிற்கும் என்று நாம் எண்ணிக்கொண்டோம். அது காகிதம். அண்ணன் லாரியின் வடிகட்டி கலைந்தது இந்தப் பொய்யால்தான்.

அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்போம். கனரக டீசல் வண்டிகளில், வடிகட்டியின் இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு 25 அங்குல நீர்மட்டம் அளவுக்கு வந்தால் வடிகட்டியை மாற்றுவது வழக்கம். இது சுமார் 6,200 பாஸ்கல். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றாது. வளிமண்டல அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான். ஆனால் 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் உள்ள ஓர் அஞ்சலட்டையின் மீது இது எவ்வளவு விசை என்று பெருக்கிப் பாருங்கள்: 78 நியூட்டன். எட்டு கிலோ அரிசியை ஓர் அஞ்சலட்டை தாங்குவது போல! அழுக்குப் பக்கத்தில் அழுத்தம் அதிகம், சுத்தமான பக்கத்தில் குறைவு. ஆகவே காகிதச் சுவர்கள் சுத்தமான பக்கத்துச் சந்தை நோக்கி வளைகின்றன. ஒரு பக்கச் சந்து உப்பும். மறுபக்கச் சந்து ஒடுங்கும்.

ஒரு பக்கம் அகலும், மறுபக்கம் ஒடுங்கும். சரிக்குச் சரி ஆகிவிடாதா? ஆகாது. மும்மடி விதியைக் கொண்டு பாருங்கள். இரு சந்துகளின் இழப்பும் முதலில் 1, 1 என்று இருக்கட்டும். சுவர்கள் நகர்ந்து ஒன்று ஒன்றரை மடங்காகவும் மற்றது பாதியாகவும் ஆனால், அகன்ற சந்தில் இழப்பு 0.3, ஒடுங்கிய சந்தில் 8. மொத்தம் 2 ஆக இருந்தது 8.3 ஆகிவிட்டது. அகன்றதால் வந்த லாபம் பத்துக் காசு என்றால் ஒடுங்கியதால் வந்த நட்டம் ஒரு ரூபாய்.

காகிதம் எவ்வளவு வளையும் என்பதை நீங்களே மேசை ஓரத்தில் அளக்கலாம். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றை 3 செ.மீ. அகல நாடாவாக வெட்டுங்கள். மேசை விளிம்புக்கு வெளியே 4 செ.மீ. நீண்டிருக்கும்படி வைத்து, மேலே ஒரு புத்தகத்தை வையுங்கள். நுனி எவ்வளவு தொய்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இப்போது 8 செ.மீ. நீளத்தை வெளியே விடுங்கள். நீளம் இரட்டித்தால் தொய்வும் இரட்டிக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள், ஒன்றரை செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். சீராகப் பரவிய சுமையின் கீழ் தொய்வு நீளத்தின் நான்மடிக்கு நேர்விகிதம்; 2 × 2 × 2 × 2 = 16. தாளின் எடை சீராகப் பரவியிருக்கிறது, காற்றழுத்தமும் அப்படித்தான். எனவே ஆழமான மடிப்பு, ஆழம் குறைந்த மடிப்பைவிட மிக எளிதாகக் கலையும்.

இரண்டு எச்சரிக்கைகள். தாளுக்கே இயல்பான சுருள் இருக்கும். ஆகவே நாடாவைத் திருப்பிப் போட்டு மறுபடி அளந்து சராசரி எடுங்கள். அடுத்து, தாளின் நீளவாக்கில் ஒரு நாடாவும் குறுக்குவாக்கில் ஒரு நாடாவும் வெட்டி ஒப்பிடுங்கள். ஒன்று மற்றதைவிட விறைப்பாக இருக்கும். காகித ஆலையில் கூழ் ஓடும் திசையில் இழைகள் படிவதே காரணம். நெசவாளருக்கு இது புதிதல்ல. பாவு வாக்கில் துணி ஒருமாதிரி, ஊடை வாக்கில் ஒருமாதிரி. வடிகட்டிக் காகிதத்தை எந்த வாக்கில் மடிப்பது என்பதும் இதனால் முக்கியமாகிறது.

சரி, இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறோம். அழுத்தம் சுவரை வளைக்கிறது. சுவர் வளைந்தால் சந்து ஒடுங்குகிறது. சந்து ஒடுங்கினால் அழுத்தம் கூடுகிறது, ஏனென்றால் எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றை விடாமல் இழுக்கிறது. அழுத்தம் கூடினால் சுவர் மேலும் வளைகிறது. இந்தச் சுற்று எங்கே போய் நிற்கும்? நிற்குமா, நிற்காதா?

கால்குலேட்டரை எடுங்கள். சந்தின் அகலத்தை 1 என்றும், தொடக்க அழுத்தத்தை 1 என்றும் வைத்துக்கொள்வோம். இழப்பு முழுவதும் ஒடுங்கும் சந்திலேயே ஏற்படுவதாக எளிமைப்படுத்திக்கொள்வோம். தொடக்க அழுத்தத்தில் சுவர், சந்தின் அகலத்தில் 0.05 பங்கு உள்ளே நகர்கிறது என்றும் கொள்வோம். மீதி அகலம் 0.95. அதன் மும்மடியால் 1-ஐ வகுத்தால் புதிய அழுத்தம் 1.166. இந்த அழுத்தத்தில் சுவர் 0.05 × 1.166 = 0.058 பங்கு நகரும். மீதி அகலம் 0.942, அழுத்தம் 1.198. அடுத்த சுற்றில் 1.204. அதற்கடுத்து 1.205. அவ்வளவுதான், நின்றுவிட்டது. சுவர் கொஞ்சம் வளைந்தது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது. வடிகட்டி உயிரோடு இருக்கிறது.

இப்போது 0.05-க்குப் பதிலாக 0.12 போட்டுப் பாருங்கள். காகிதம் சற்றே மெலிந்தது என்று பொருள். அழுத்தம் முதல் சுற்றில் 1.47, பிறகு 1.79, 2.06, 2.35, 2.70, 3.24, 4.37, 9.29... அடுத்த சுற்றில் சுவர் நகர வேண்டிய தூரம் 1.11, சந்தின் அகலமே 1-தான்! இரு சுவர்களும் ஒட்டிக்கொண்டுவிட்டன. நடுவில் 1.79, 2.06 என்று வரும்போது ஏற்றம் தணிவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பிறகு பாய்ந்ததைக் கவனித்தீர்களா? கணினியில் இதே வேலையைச் செய்பவர்களும் இந்த இடத்தில் ஏமாந்து, விடை கிடைத்துவிட்டது என்று எண்ணி நிறுத்திவிடுவதுண்டு.

எல்லை எங்கே? மேல்நிலை வகுப்பில் வகையீடு படித்தவர்கள் கண்டுபிடிக்கலாம். சுவர் நகர்ந்த பங்கையும், மீதி அகலத்தின் மும்மடியையும் பெருக்கினால் வருவது நாம் போட்ட அந்த எண்ணுக்குச் சமமாக இருந்தால்தான் சமநிலை. இந்தப் பெருக்கல் தொகையின் பெரும மதிப்பு, சுவர் சரியாகக் கால் பங்கு நகர்ந்த இடத்தில் வருகிறது: 0.25 × 0.75 × 0.75 × 0.75 = 0.105. நாம் போடும் எண் இதற்குக் கீழே இருந்தால் சுற்று நிற்கும். மேலே போனால் நிற்கவே நிற்காது. அதாவது, சந்தில் கால் பங்கு அடைபடும்வரை வடிகட்டி மெல்ல மெல்ல எச்சரிக்கிறது. அதன்பின் எச்சரிக்கை இல்லை, சரிவுதான். தூசு படியப் படியச் சுவரின் மீது விழும் அழுத்தம் ஏறுகிறது, புதிதில் 0.05 ஆக இருந்த எண் நாளடைவில் 0.10-ஐ நோக்கி நகர்கிறது. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று மேட்டில் திணறுவதற்கு இது ஒரு காரணம்.

நீங்கள் இப்போது கால்குலேட்டரில் செய்ததற்குத்தான் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்: பாய்மமும் கட்டமைப்பும் இணைந்த உருவகப்படுத்தல். கணினி இதையே பொறுமையாகவும் நுணுக்கமாகவும் செய்கிறது. சந்திலுள்ள காற்றை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுகிறது. அந்த அழுத்தத்தைக் காகிதச் சுவரின் சிறு துண்டுகள் மீது ஏற்றி அவை எவ்வளவு வளைகின்றன என்று பார்க்கிறது. வளைந்த வடிவத்துக்கு ஏற்பக் காற்றின் கட்டங்களை மறுபடி வரைகிறது. மறுபடி காற்று, மறுபடி காகிதம். இரு சுற்றுகளுக்கிடையே மாற்றம் புறக்கணிக்கத்தக்கதாக ஆகும்வரை இது நடக்கும். ஜெர்மனியில் கைசர்ஸ்லாட்டர்ன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் தொழிற்கணித நிறுவனத்தில் வடிகட்டிகளுக்கென்றே இத்தகைய கணக்கு முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள்தான் செய்யமுடியும் என்று எண்ண வேண்டாம். பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் என்னும் மென்பொருள் 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி மாணவர்கள் சாதாரணக் கணினியில் ஓட்டுகிறார்கள்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. காகிதத்தின் இழை சில மைக்ரான் தடிமன். வடிகட்டியோ 32 செ.மீ. உயரம். இரண்டையும் ஒரே கணக்கில் அடக்க எந்தக் கணினியாலும் ஆகாது. ஆகவே ஒரு சிறு துண்டுக் காகிதத்தை ஊடுகதிர் வெட்டுப்படம் எடுத்து, இழைகளுக்கிடையே காற்று எப்படிப் போகிறது என்று தனியே கணக்கிட்டு, டார்சி விதிக்குத் தேவையான ஒரே ஓர் எண்ணைப் பெறுகிறார்கள். பிறகு காகிதத்தை ஒரே சீரான நுண்துளைப் பொருளாகக் கருதி, 240 மடிப்புக்குப் பதில் ஒரே மடிப்பில் பாதியை மட்டும் கணக்கிடுகிறார்கள். மற்றவை அதன் பிரதிகள் என்று கொள்கிறார்கள். இது நல்ல தந்திரம். ஆனால் மெக்கானிக் என் கையில் கொடுத்த வடிகட்டியில் பன்னிரண்டு மடிப்புகள் ஒரு கொத்தாகச் சேர்ந்திருந்தனவே! எல்லா மடிப்பும் ஒன்றுபோலவே வளையும் என்று கருதும் கணக்கு இந்தக் கொத்தை ஒருபோதும் காட்டாது. அதற்குப் பல மடிப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை ஒன்றையொன்று தொடும்போது என்ன ஆகும் என்றும் சொல்லித்தர வேண்டும். மடித்த நுனியில் காகிதம் நசுங்கியிருப்பதால் அங்கே காற்று போகும் அளவும் வேறு, வலிமையும் வேறு. என் அனுபவத்தில், அழகான வண்ணப் படம் தரும் கணக்கைவிட, உண்மை வடிகட்டியை வெட்டிப் பார்த்து அதனோடு ஒப்பிட்ட கணக்கையே நம்பலாம்.

கலையாமல் இருக்க என்ன செய்கிறார்கள்? ஆரணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கஞ்சி போட வேண்டும். வடிகட்டிக் காகிதத்துக்கும் கஞ்சி உண்டு. பிசின் கரைசலில் நனைத்துச் சூட்டில் இறுக வைப்பதுதான் அது. காகிதத்தில் சிறு மேடுகளை அழுத்தி எழுப்புகிறார்கள். சுவர்கள் நெருங்கினால் மேடும் மேடும் முட்டிக்கொண்டு சந்து அடைபடாமல் நிற்கும். சில வடிகட்டிகளில் மடிப்புகளின் மீது பசைக் கோடுகள் ஓடும். அவை இடைவெளியைக் காப்பதோடு, நீண்ட சுவரைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துவிடுகின்றன. நான்மடி விதி நினைவிருக்கிறதா? தாங்கலில்லாத நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு 16-இல் ஒன்றாகும். எண்ணெய் வடிகட்டிகளில் கம்பி வலை ஒன்றும் காகிதத்தோடு சேர்த்தே மடிக்கப்படும். சரிகைக் கரை கனமாக உள்ள பட்டுச் சேலையின் கொசுவம் கீழே விறைத்து நிற்பதற்கும் இதற்கும் உறவு உண்டு.

கஞ்சிக்கு எதிரி ஈரம். மழை நாளில் கஞ்சி போட்ட சேலை துவள்வது தெரிந்ததே. அணுமின் நிலையங்களில் காற்று வெளியேறும் வழியில் கண்ணாடி இழைத் தாளை மடித்துச் செய்த உயர்திறன் வடிகட்டிகள் இருக்கும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்கள் பத்தாயிரம் வந்தால் மூன்றைத்தான் அவை விடும். 1980-களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ அணு ஆராய்ச்சி மையத்தில் இவற்றின் வழியே ஈரக் காற்றைச் செலுத்திச் சோதித்தார்கள். உலர்ந்திருக்கும்போது தாங்கிய அழுத்தத்தைவிட மிகக் குறைந்த அழுத்தத்திலேயே மடிப்புகள் உப்பி, மடித்த நுனியில் கிழிந்தன. விபத்து நேரத்தில் நீராவியும் புகையும் சேர்ந்து வரும்போதுதானே அந்த வடிகட்டி உண்மையில் தேவைப்படும்! கலைந்த கொசுவம் அங்கே ஒரு லாரி எஞ்சினோடு போகாது.

மடித்த துணியே உயிரைக் காத்த கதை ஒன்றும் உண்டு. வங்கதேசத்து மத்லாப் பகுதியில் குளத்து நீரைக் குடிக்கும் கிராமங்களில் காலரா ஆண்டுதோறும் வரும். காலராக் கிருமி மிகச் சிறியது, ஒன்றிரண்டு மைக்ரான்தான். துணியில் தங்காது. ஆனால் அது பெரும்பாலும் நீரிலுள்ள கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மிதவை உயிரிகள் மீது ஒட்டிக்கொண்டு வாழ்கிறது என்பதை ரீட்டா கோல்வெல், அன்வர் ஹக் ஆகியோர் கண்டிருந்தார்கள். அந்த உயிரிகளைத் துணி பிடிக்குமல்லவா? பழைய பருத்திச் சேலையைக் குறைந்தது நான்கு மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிக்கும்படி பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 65 கிராமங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே நடந்த இந்த ஆய்வின் முடிவு 2003-இல் வெளியாயிற்று. சேலையால் வடித்த கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது.

புதுச் சேலை அல்ல, பழைய சேலைதான் நன்றாக வடித்தது. துவைத்துத் துவைத்து நூலிலிருந்து இழைகள் பிரிந்து கண்களை நிரப்பிவிடுவதால், நான்காக மடித்த துணியில் இடைவெளி 20 மைக்ரான் அளவுக்கு வந்துவிடுகிறது. ஐந்து ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, யாரும் வற்புறுத்தாமலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் இன்னும் நீரை வடித்துக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டில் நரம்புச் சிலந்தி நோயை ஒழித்ததிலும் துணியால் வடித்துக் குடிக்கச் சொன்னதற்குப் பங்குண்டு. கடைசி நோயாளி 1996-இல் காணப்பட்டார். 2000-இல் இந்தியா அந்நோயற்ற நாடென்று சான்று பெற்றது. பட்டும் இந்த வேலைக்கு வந்திருக்கிறது. கப்பல்களின் பின்னால் கட்டி இழுக்கும் மிதவை உயிரிப் பதிவுக் கருவியில் 1931 முதல் 270 மைக்ரான் கண்ணுள்ள பட்டுத் துணியைத்தான் வைக்கிறார்கள்.

குடத்தின் வாயில் கட்டிய துணியும் வளைகிறது என்பதைக் கவனியுங்கள். மேலே 10 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் சுமார் 980 பாஸ்கல். துணி குழிந்து, நூல்கள் இழுபட்டு, கண்கள் சற்று விரியும். ஒரே மடிப்பில் விரிந்த கண் நான்கு மடிப்பிலும் ஒரே இடத்தில் நேராக அமைவது அரிது. கண் எவ்வளவு விரிகிறது என்று உங்கள் பள்ளி நுண்ணோக்கியில் அளக்க முடியுமா? பாட்டியின் பழைய சேலைத் துண்டு ஒன்றை வளையத்தில் கட்டி, எடை வைக்காமல் ஒருமுறையும் வைத்து ஒருமுறையும் பாருங்கள். அளந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். எத்தனை முறை துவைத்த சேலை என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அண்ணனின் லாரிக்கு வேறு வடிகட்டி போட்டாயிற்று. பழையதை நான் கேட்டு வாங்கி வந்தேன். மெக்கானிக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "காத்து அடிச்சுச் சுத்தம் பண்ணி மறுபடி மாட்டிடாதீங்க சார். டயர்ல தட்டியும் பாக்காதீங்க. நுனியில விட்டுடும்." நான் அதை ஆய்வுக்கூடத்தில் இரண்டாக அறுத்து வைத்திருக்கிறேன். கொத்தாகச் சேர்ந்த பன்னிரண்டு மடிப்புகளுக்குள் ஒரு துளி அழுக்குகூட நுழைந்திருக்கவில்லை. காகிதம் வாங்கிய நாள்போல் வெளிர்மஞ்சளாக இருக்கிறது.